ஓடிப்போனவரின் கையெழுத்து

நாளிதழின் உள்பக்கங்களில், வாடகைக்கு வீடு, மணமகள் தேவை விளம்பரங்களுக்கு நடுவே, கட்டம் கட்டிய சின்ன அறிவிப்புகள் சில வரும். மேலே நீதிமன்றத்தின் பெயர். கீழே மனுதாரர், எதிர்மனுதாரர். எதிர்மனுதாரரின் முகவரியாக, பல வருடங்களுக்கு முன்பு அவர் குடியிருந்த ஒரு தெரு. இன்ன தேதியில் காலை 10.30 மணிக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகத் தவறினால் வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்று கடைசி வரி எச்சரிக்கும்.

சம்மன் எடுத்துக்கொண்டு போன அமீனா, "மேற்படி நபர் இந்த விலாசத்தில் இல்லை" என்று எழுதித் திருப்பிய பிறகு, நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிச் செய்யப்படும் விளம்பரம் அது. செலவு மனுதாரருடையது. மனுதாரர் பெரும்பாலும் கைக்குழந்தையோடு விடப்பட்ட ஒரு பெண். வீட்டை விட்டுப் போனவருக்குத் தகவல் சொல்ல, விட்டுவிட்டுப் போகப்பட்டவள் காசு கட்ட வேண்டும். இந்தக் கட்டுரை அந்த விளம்பரத்துக்குப் பிறகும் முடியாத ஒரு விஷயத்தைப் பற்றியது. அந்த விளம்பரம் திருமணத்தை முடித்துவைக்கும். ஓடிப்போனவரின் அப்பா ஸ்தானத்தைத் தொடக்கூட முடியாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறார் அந்தப் பெண். பெயர் வேண்டாம் என்றார். மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, "ஊருக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிய கணவர் திரும்பவில்லை. வேறு ஊரில் வேறு குடும்பம் இருப்பதாகப் பின்னாளில் காதுக்கு வந்தது. சில வருடங்கள் பொறுத்துப் பார்த்து, வழக்குப் போட்டு, விளம்பரம் கொடுத்து, விவாகரத்து வாங்கினார். கூட வேலை பார்த்தவரோடு மறுமணம். குழந்தை அவரைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறது. பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் காய்ச்சலுக்கு ஊசி போடக் கூட்டிப் போவதும் அவர்தான். குழந்தையை முறைப்படி தத்தெடுத்து ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் தன் பெயரை ஏற்றலாம் என்று அவர் ஆசைப்பட்டு வக்கீலிடம் போனபோது கிடைத்த பதில்: "முதல் வீட்டுக்காரர்கிட்ட சம்மதம் எழுதி வாங்கணும்."

அந்தப் பெண் கேட்டது இதுதான்: "போறப்ப அவரு யாரைக் கேட்டுங்க போனாரு? இப்ப அவரைக் கேட்டுத்தான் எம்புள்ளைக்கு நான் அப்பனைக் காட்டணுமாங்க?"

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் நேரான பதில் இல்லை. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

சந்நியாசிக்கு ஒரு நியாயம்

1956-ன் இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 9-வது பிரிவு, பெற்றோரில் ஒருவர் குழந்தையைத் தத்துக் கொடுக்க வேண்டுமானால் மற்றவரின் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிவிலக்கு மூன்று. மற்றவர் உலகத்தை முற்றாகத் துறந்திருக்க வேண்டும். அல்லது இந்து மதத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். அல்லது மனநலம் சரியில்லாதவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதே ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவிலும் இதே பார்வைதான். மதம் மாறினாலோ வானப்பிரஸ்தமோ சந்நியாசமோ ஏற்றாலோ இயற்கைக் காப்பாளர் என்ற தகுதி போய்விடும்.

காவி கட்டிக் கொண்டு காசிக்குப் போனவரின் உரிமை போகிறது. அடுத்த மாவட்டத்தில் இன்னொரு குடித்தனம் நடத்துகிறவரின் உரிமை அப்படியே இருக்கிறது. குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேருமே பால் வாங்கக் காசு அனுப்பவில்லை. இன்னும் சொன்னால், துறவி குடும்பத்துக்குத் தெரிந்தாவது போகிறார்.

மற்ற சட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரியும். வாழ்க்கைத் துணையைத் தொடர்ந்து 2 ஆண்டுகள் கைவிட்டால் அது விவாகரத்துக்குக் காரணம் என்கிறது இந்துத் திருமணச் சட்டம். 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்கலாம் என்கிறது சாட்சியச் சட்டம். 2 ஆண்டில் கணவன் என்ற உறவு முறிகிறது, 7 ஆண்டில் ஆளே இறந்ததாகக் கணக்கு. ஆனால் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், பிள்ளையை 17 ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருந்தாலும், 'இனி நீ இந்தக் குழந்தைக்குத் தகப்பன் என்ற உரிமை கொண்டாட முடியாது' என்று சொல்ல நம் சட்டத்தில் ஒரு வழிமுறை கிடையாது.

பெற்றோரின் உரிமையை முடிவுக்குக் கொண்டுவரவே தெரியாத நாடா இது? இல்லை. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தைப் பாருங்கள். பெற்றோர் குழந்தையை ஒப்படைக்க விரும்பினால், குழந்தைகள் நலக் குழு முன்பு எழுதிக் கொடுக்கலாம். மனம் மாற 2 மாத அவகாசம். கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால், விசாரித்து, 2 வயதுக்குட்பட்டதை 2 மாதத்திலும் அதற்கு மேற்பட்டதை 4 மாதத்திலும் தத்துக்குத் தகுதியானது என்று குழு அறிவிக்கலாம். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. பெற்றவர் விட்டுப் போனால் குழந்தைக்குப் புது வீடு தேடித் தரலாம் என்பது நமக்குப் புதிய சிந்தனையே அல்ல.

ஆனால் அந்தக் கதவு இரண்டு பேரும் விட்டுப் போனால்தான் திறக்கும். ஒருவர் போய், இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை 'கைவிடப்பட்ட குழந்தை' அல்ல. 12 வயதுக்குட்பட்ட குழந்தையை அநாதரவாக விட்டுச்செல்லும் பெற்றோருக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 317, இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவில் 93-வது பிரிவு. பேருந்து நிலையத்தில் விட்டுப் போனால் அந்தப் பிரிவு பாயும். அம்மாவிடம் விட்டுவிட்டுத் தலைமறைவானவர் மீது அது பாய்ந்து நான் பார்த்ததில்லை. தாய் நின்றதால் தகப்பன் தப்பிக்கிறான்.

கோர்ட் சொன்னதும் கவுண்டரில் நடப்பதும்

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தையைப் பல ஆண்டுகளாக ஏறெடுத்தும் பார்க்காத தகப்பன் இல்லாதவருக்குச் சமம், தாயே இயற்கைக் காப்பாளர் என்று ஜீஜாபாய் வழக்கில் 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தது எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் வழக்கு. கோயம்புத்தூரில் பிறந்தவர். 1984-ல் தன் மகன் பெயரில் நிவாரணப் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தாய் காப்பாளராகக் கையெழுத்திட்டது போதாது, தந்தை கையெழுத்திட வேண்டும், அல்லது தாயைக் காப்பாளராக்கிய சான்று வேண்டும் என்றது வங்கி. இத்தனைக்கும் அவர் கணவர் ஓடிப்போனவர் அல்ல. மனைவியே காப்பாளராக இருக்கட்டும் என்று சேர்ந்து விண்ணப்பித்தவர்.

1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இயற்கைக் காப்பாளர் 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்று 6-வது பிரிவு சொல்வதை, தந்தை இறந்த பின் என்று மட்டும் படிக்கக் கூடாது. தந்தை அக்கறையே காட்டாமல் இருந்தாலும், எங்கோ தொலைவில் இருந்தாலும், தாயும் தந்தையும் பேசி ஒப்புக்கொண்டிருந்தாலும் தாயே காப்பாளர் என்றது நீதிமன்றம். 2015 ஜூலையில் இன்னொரு படி. மணமாகாத ஒரு தாய், குழந்தையின் தந்தை யார் என்று சொல்லாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் காப்பாளர் ஆணை பெறலாம் என்று நீதிபதி விக்ரம்ஜித் சென் அமர்வு தீர்ப்பளித்தது.

நல்ல தீர்ப்புகள். ஆனால் 1956-ல் அச்சடித்த வரி இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி 1989-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2015-ல் மறுபடி பரிந்துரைத்தது. 2022-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் சொன்னது. திருத்தவில்லை. வங்கிக் கிளையிலோ பள்ளி அலுவலகத்திலோ உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார். படிவத்தில் 'தந்தை கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தால், அது நிரம்ப வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். "அப்பா எங்கம்மா?" என்று சத்தமாகக் கேட்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையும் அண்ணாந்து பார்க்கும்.

நினைத்தால் இதை மாற்ற முடியும் என்பதற்குப் பாஸ்போர்ட்டே சாட்சி. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். மற்றவரின் சம்மதம் கிடைக்காத நிலையில், ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லி ஒற்றைப் பெற்றோர் தரும் உறுதிமொழிக்கு 'இணைப்பு சி' என்று பெயர். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி வேண்டாம். பாஸ்போர்ட்டில் முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

தாய்மார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். விட்டுப் போகிற அம்மாக்களும் உண்டு. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு புது வாழ்க்கைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டும் பாட்டிகள் நம் ஊரில் எத்தனை பேர்! நூறு நாள் வேலைக்குப் போய் வந்து சோறாக்கிப் போடுகிற அந்தப் பாட்டிக்கு, அந்தக் குழந்தை விஷயத்தில் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி அவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது அவர்கள் தகுதியற்றவர்கள் என்று நீதிமன்றம் கருதினால் ஒழிய வேறொருவரைக் காப்பாளராக்க முடியாது. மகனையோ மகளையோ தகுதியற்றவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்தப் பாட்டிக்கு மனசு வரும்? வந்தாலும், வாய்தா வாய்தாவாக அலைய எந்தக் காலில் தெம்பு இருக்கிறது?

திரும்பி வருகிற நாள்

ஓடிப்போனவர் ஓடியே போய்விட்டால்கூடத் தொல்லை குறைவு. அவர் திரும்பி வருகிற நாள்தான் மோசம். பெரும்பாலும் காசு வரும் நேரம் பார்த்து வருவார்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாத மகள் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து தாய் தந்தை இருவருக்கும் போகும். மகன் இறந்தால் தாய் முதல் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் யாரும் இல்லாவிட்டால் அடுத்து தந்தை. கொலை செய்தவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்து கிடையாது என்று சட்டம் சொல்கிறது. கைவிட்டவருக்குக் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை. குழந்தையாக இருந்தபோது திரும்பிப் பார்க்காதவர், அதே குழந்தை வளர்ந்து, சம்பாதித்து, அகாலமாகப் போனால், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் வந்து நிற்கலாம்.

கொரியாவில் இப்படி ஒன்று நடந்து, அந்த நாட்டின் சட்டத்தையே மாற்றியது. காரா என்ற பாடல் குழுவின் பாடகி கூ ஹாரா 2019 நவம்பரில் 28 வயதில் இறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போன தாய், மகளின் சொத்தில் பாதி கேட்டு வந்தார். வளர்த்த பாசமும் இல்லை, கூட இருந்த கடமையும் இல்லை, ஆனால் பங்கு மட்டும் உண்டு என்பதைப் பாடகியின் அண்ணன் ஏற்கவில்லை. மனு எழுதி லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கினார். நீதிமன்றம் தந்தைக்கு 6 பங்கு, தாய்க்கு 4 பங்கு என்று பிரித்ததே தவிர, தாயை விலக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் இழுபறிக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் கொரிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வளர்க்கும் கடமையைக் கடுமையாக மீறிய பெற்றோரின் வாரிசுரிமையை நீதிமன்றம் இனி பறிக்கலாம். மக்கள் அதைக் 'கூ ஹாரா சட்டம்' என்றே சொல்கிறார்கள்.

இன்னொரு வகைத் திரும்பல் முதுமையில். 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பெற்றோர் பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் வளர்க்காத பெற்றோருக்கு இது பொருந்தாது என்று அதில் ஒரு வரி இல்லை. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் இதே போன்ற சட்டம் 1995-ல் வந்தது. பெற்றவர் கைவிட்டவர், கொடுமைப்படுத்தியவர் என்று பிள்ளை நிரூபித்தால் மனுவைத் தள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். 2023-ல் இன்னும் இறுக்கினார்கள்: அப்படிப்பட்ட வரலாறு உள்ள பெற்றோர், மனுப் போடுவதற்கே முதலில் அனுமதி வாங்க வேண்டும். சின்ன வயதில் பட்டதை ஒரு பிள்ளை மறுபடி தீர்ப்பாயத்தில் நின்று கதறிச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அது குறைக்கிறது.

கத்தி எந்தப் பக்கம் வெட்டும்

பெற்றோர் உரிமையைப் பறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வேண்டும் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் அந்த அதிகாரம் உண்டு. கைவிடுதல் அங்கே பல மாநிலங்களில் உரிமையை முடிவுக்குக் கொண்டுவரும் காரணம். அதன் மறுபக்கத்தையும் அந்த நாடு பார்த்திருக்கிறது. மிசிசிப்பியில் ஒரு தாயின் உரிமையை ரத்துசெய்து, குழந்தைகளை முன்னாள் கணவரின் இரண்டாம் மனைவி தத்தெடுக்கக் கீழ்நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்முறையீட்டுக்கு ஆவணங்களைத் தயாரிக்க 2,352 டாலர் கட்டச் சொன்னார்கள். அவரிடம் இல்லை. பணமில்லை என்ற காரணத்துக்காக ஒரு தாயின் கடைசி வாய்ப்பை மூடக் கூடாது என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன்பே 1982-ல், தெளிவான, உறுதியான சாட்சியம் இல்லாமல் இந்த உரிமையில் கை வைக்கக் கூடாது என்றும் அது சொல்லியிருந்தது.

இங்கேயும் ஏழைகள்தான் முதலில் அடிபடுவார்கள். குவைத்தில் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கிவைத்துக்கொண்டதால் நாலு வருடமாக வர முடியாத தகப்பன் கைவிட்டவர் அல்ல. சிறையில் இருப்பவர், மனநோயோடு அலைபவர், மனைவி வீட்டார் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் யாரும் கைவிட்டவர் அல்ல. இவர்களையும் ஓடிப்போனவர்களையும் பிரித்துப் பார்க்கும் சட்டம்தான் நமக்கு வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இது. தொடர்ந்து 2 ஆண்டுகள், தகுந்த காரணம் இல்லாமல், குழந்தையைப் பார்க்கவும் இல்லை, ஒரு பைசா தரவும் இல்லை என்றால், வளர்ப்பவர் குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போடலாம். போனவரைத் தேடும் பொறுப்பையும் விளம்பரச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். அவர் வந்து காரணம் சொன்னால் கேட்க வேண்டும். சொல்லக் காரணம் இல்லாவிட்டால், தத்துக்குச் சம்மதம், படிவங்களில் கையெழுத்து, பிள்ளையின் சொத்தில் பங்கு, வயதான பிறகு பராமரிப்பு கேட்கும் உரிமை எல்லாம் போக வேண்டும். குழந்தைக்கு விவரம் தெரியும் வயதானால் அதையும் நீதிபதி தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் போகக் கூடாது: கடமை. உரிமையோடு ஜீவனாம்சமும் போய்விடும் என்றால், அது ஓடிப்போனவருக்குக் கொடுக்கும் பரிசாகிவிடும். பிள்ளையை வேறொருவர் தத்தெடுக்கும் நாள் வரை மாதப் பணம் கட்டத்தான் வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 144-வது பிரிவு, பழைய 125, வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத தகப்பன் பணம் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்கிறது. உரிமை போன பிறகும் அந்தப் பிரிவு அவரைத் துரத்திக்கொண்டே இருக்கட்டும்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ன் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கும் பாட்டி, சித்தி வீட்டில் வளரும் குழந்தைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு இடமிருக்கிறது. வருமான வரம்பு உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். எந்த அலுவலகத்திலாவது "அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது" என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னவுடன் பல இடங்களில் வேலை நடந்துவிடுகிறது.

டெல்லி திருத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இளவர், தத்தெடுப்பு, வாரிசுரிமை மூன்றுமே பொதுப்பட்டியலில் இருப்பவை. மாநிலம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கலாம். 1967-ல் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்க இந்தச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. 1989-ல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. அதே வழியில் மூன்றாவது திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள். எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் மற்றக் கட்சிகள் எதிர்க்காமல் ஆதரிக்க வேண்டும்.